குறிப்பறிந்து வியாபாரம் செய்வோம்



கோட்டாறு கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரத்தில் நாம் உட்கார்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தகப்பனாருக்குப் பக்கத்தில் கல்லாவில் இடம் கிடைத்தது. அன்று அவர் சொல்லித் தந்த முதல் பாடம் தராசு பிடிப்பதும் அல்ல, பேரேடு எழுதுவதும் அல்ல. "வாய் சொல்லுகத அப்பொறம் கேளு, மொதல்ல கையப் பாரு" என்பதுதான் அந்தப் பாடம்.

அதை நாம் நன்றாகப் படித்துவிட்டோம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். படிக்கவில்லை என்பது அறுபது வயதில் ஒரு நல்ல வாடிக்கையை இழந்த பிறகுதான் புரிந்தது. நமக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேராமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

கை சொல்லும் செய்தி

அரிசி வாங்க வருகிறவரிடம் குத்தூசியால் மூட்டையைக் குத்தி நாலு மணி எடுத்து உள்ளங்கையில் போடுகிறோம். "வெல சாஸ்தியால்லா இருக்கு" என்று அவர் வாய் சொல்லும். ஆனால் கையில் இருக்கும் அரிசியைக் கீழே போடமாட்டார். விரலால் புரட்டுவார், ஒரு மணியைப் பல்லில் கடிப்பார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். அவர் வாங்கத்தான் வந்திருக்கிறார். இன்னொருவர் "நல்ல சரக்கு, நல்ல சரக்கு" என்று வாயாரப் புகழ்வார். ஆனால் கையில் போட்ட அரிசி அடுத்த நிமிஷமே மூட்டைக்குத் திரும்பியிருக்கும். அவர் அன்று வாங்கப் போவதில்லை. வத்தல், புளி, கருப்பட்டி என்று எந்தச் சரக்கானாலும் இதே கதைதான்.

வாயால் சொல்லாததை முகத்தாலும் கையாலும் நிற்கிற நிலையாலும் தெரிந்துகொள்வதற்குத் தமிழில் 'குறிப்பறிதல்' என்று அழகான பெயர் உண்டு. நம் குமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி சிலையாக நிற்கும் வள்ளுவப் பெருந்தகை தம் 133 அதிகாரங்களில் இரண்டுக்கு இந்தத் தலைப்பே அமைய எழுதியிருக்கிறார். பொருட்பாலில் 71-வது அதிகாரம் குறிப்பறிதல். காமத்துப்பாலில் 110-வது அதிகாரமும் குறிப்பறிதல். அரசவையில் இருப்பவருக்கும் இது வேண்டும், வீட்டில் இருப்பவருக்கும் வேண்டும் என்றால் நடுவில் கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வேண்டாமா?

துண்டுக்குள் ஒரு பாஷை

நம் தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டு போட்டு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்குள் இருக்கும். விரலைப் பிடிப்பார், விடுவார், தலையாட்டுவார். சுற்றி நிற்கும் 20 பேருக்கும் விலை தெரியாது. வைர வியாபாரத்துக்காக இந்தியாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு வணிகர் டவேர்னியே 1676-ல் வெளியான தம் பயண நூலில் இதே போன்ற வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். கோல்கொண்டா பக்கத்து வைரச் சுரங்கங்களில் வணிகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து துணிக்குள் கைகோத்து விலை பேசினார்களாம். முழுக் கையைப் பிடித்தால் 1000. ஐந்து விரலைப் பிடித்தால் 500. ஒரு விரல் என்றால் 100. ஒரு வார்த்தை கூடப் பேசாமல் பெரும் பணம் கைமாறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துண்டுக்குள் இருக்கும் விரலுக்கு அர்த்தம் என்ன என்பதை விற்பவர், வாங்குபவர் இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அங்கே தவறு நேர்வதில்லை. ஒருவருடைய முகச்சுளிப்புக்கும் மௌனத்துக்கும் அப்படி ஒப்புக்கொண்ட அகராதி எதுவும் கிடையாது. அர்த்தம் சொல்வது நாம் மட்டும்தான். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நான்கு வகை வாடிக்கையாளர்

மனிதர்களை வகை பிரிப்பது பழைய பழக்கம். நம் சித்த வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என்றார்கள். பழைய கிரேக்க வைத்தியர்கள் உடலில் நான்கு நீர்கள் என்று சொல்ல, அதிலிருந்து நான்கு வகைக் குணம் பிறந்தது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யுங் 1921-ல் வெளியிட்ட நூலில் உள்நோக்கியவர், வெளிநோக்கியவர் என்று பிரித்தார். நாம் கல்லாவில் இருந்து பார்த்த வகையில் வாடிக்கையாளர்கள் நான்கு விதம்.

முதலாமவர் அவசரக்காரர். படி ஏறும்போதே வண்டிச் சாவி கையில் ஆடிக்கொண்டிருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். இவரிடம் மழை, விளைச்சல், லாரி வாடகை என்று கதை சொல்லக் கூடாது. முதலில் விலை, அடுத்து சரக்கு எப்போது வந்து சேரும் என்ற விவரம். இரண்டே வாக்கியத்தில் முடித்தால் அவர் மறுபடியும் நம்மிடம்தான் வருவார்.

இரண்டாமவர் கணக்குக்காரர். சட்டைப் பையில் மடித்த துண்டுச்சீட்டும் பேனாவும் இருக்கும். ஒரே சரக்கை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பார். விலை சொன்னதும் பேசாமல் நிற்பார். அந்த மௌனத்தைக் கண்டு பயந்து, கேட்காமலே கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்த வியாபாரிகள் உண்டு. இளவயதில் நாமும் குறைத்திருக்கிறோம். அவர் மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கூட்டி முடிக்கும் வரை நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாமவர் பேச்சுக்காரர். மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு குடும்ப நலம் விசாரிப்பார். டீ வரும், குடிப்பார். சரக்கைப் பற்றிய பேச்சு அவர் எழுந்திருக்கும்போதுதான் வரும். இவருக்கு விலையை விட முகம் முக்கியம். பிள்ளைகள் படிப்பை விசாரிக்காமல் பில்லை நீட்டினால் மனம் வாடிப்போவார்.

நான்காமவர் ஒதுங்கி நிற்பவர். கூட்டத்தின் ஓரத்தில் நின்று, பிறகு வந்தவர்களையெல்லாம் முன்னே விடுவார். புதிதாகப் பெட்டிக்கடை போட்டவர்கள், தனியாகக் கடை நடத்தும் பெண்கள் இவர்களில் அதிகம். இவர்களை நாமே கூப்பிட வேண்டும். பற்று பாக்கியைப் பற்றிப் பேசுவதானால் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். நாலு பேர் முன்னால் பாக்கியைச் சொல்லிவிட்டால் பாக்கி வரும், ஆள் வரமாட்டார்.

இந்த நான்கையும் தெரிந்து வைத்தால் நன்மை உண்டு. ஆனால் செவ்வாய்க்கிழமை அவசரக்காரராக வந்தவர் வெள்ளிக்கிழமை கணக்குக்காரராக வருவார். மனிதர் ஒருவர்தான், அவர் பாடு அன்றைக்கன்றைக்கு வேறு. ஆகவே ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட வேண்டாம். அவரை அவருடைய வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். வழக்கமாக அரை மணி நேரம் பேசுகிறவர் இரண்டு நிமிஷத்தில் கிளம்பினால் அதுதான் குறிப்பு. எப்போதும் பேசாதவர் பேசாமல் இருப்பதில் குறிப்பு எதுவும் இல்லை.

மேல்நாட்டுப் பாடம் நம் ஊருக்குப் பொருந்துமா?

உடல்மொழி பற்றி மேல்நாட்டார் எழுதியதைத் தழுவிப் பல புத்தகங்கள் வந்துள்ளன. கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் மனதை மூடிக்கொண்டவர், கண்ணைப் பார்க்காமல் பேசுபவர் எதையோ மறைப்பவர் என்று அவற்றில் இருக்கும். நம் நாஞ்சில் நாட்டில் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதி வாடிக்கை போய்விடும். இங்கே பெரியவர் முன்னால் கைகட்டி நிற்பது மரியாதை. வயதில் மூத்தவர் கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல் பேசுவதும் மரியாதை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் நம் ஊரில் 'சரி' என்று அர்த்தம். வெளிநாட்டார் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு திகைப்பார்கள்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே எத்தனை வேறுபாடு! 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த பூமி இது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சின் இழுப்பு வேறு, ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துப் பேச்சின் இழுப்பு வேறு. குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வருகிற வாடிக்கையாளர் சிலர் உரத்த குரலில் விலை கேட்பார்கள். நம் கடைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் 'சண்டைக்கு வருகிறார்' என்று நினைத்துப் பின்வாங்கிவிட்டான். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. கோபம் துளியும் இல்லை. அவரே போகும்போது பையனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாம் இழந்த வாடிக்கை

இனி நம் தவற்றுக்கு வருகிறோம்.

மேற்கே ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் 26 ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுத்தார். நம்மை விட இரண்டு வயது மூத்தவர். வாரம் தவறாமல் வருவார். பற்று வைத்தாலும் சொன்ன தேதியில் தீர்ப்பார். நாம் அவரை 'அண்ணாச்சி' என்போம், அவரும் நம்மை 'அண்ணாச்சி' என்பார்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. அத்தியாவசியச் சரக்கு என்பதால் நம் கடை திறந்திருந்தது. வாயில் முகக்கவசம், கல்லாவுக்கு முன்னால் கயிறு, ஆளுக்கு ஆள் இடைவெளி. அந்த மாதங்களில்தான் அவரிடம் மாற்றம் கண்டோம். உளுந்து விலை சொன்னோம், தலையாட்டினார். சரக்கு போனது. அடுத்த வாரம் வந்து "நீங்க சொன்னது ஒண்ணு, சீட்டுல ஒண்ணு" என்றார். கிலோவுக்கு 8 ரூபாய் வித்தியாசம். இன்னொரு முறை மூன்று மூட்டைக்குத் தலையாட்டிவிட்டு, "ரெண்டுதானே கேட்டேன்" என்று ஒன்றைத் திருப்பி அனுப்பினார். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னால் கயிற்றின் மேல் சாய்ந்து கிட்டத்தில் வருவார்.

நாம் குறிப்பறிந்துவிட்டோம்! ஆள் மாறிவிட்டார், கஷ்ட காலத்தைச் சாக்காக வைத்து விலையில் விளையாடுகிறார், கூப்பிட்டால் திரும்பாத அளவுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினோம். ஒரு நாள் அவர் மறுபடியும் கயிற்றைத் தாண்டிக் குனிந்தபோது, பத்துப் பேர் நிற்கையில், "தள்ளி நில்லும் வோய், எத்தன மட்டம் சொல்லியது" என்று சத்தம் போட்டுவிட்டோம். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த வாரம் அவர் மகன் வந்தான். பழைய பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தான். ரசீது வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு அந்தக் கடைக்கு நம்மிடமிருந்து ஒரு கிலோ சரக்குகூடப் போகவில்லை.

2022-ல் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி நமக்குக் கிடைத்தது. முகக்கவசம் இல்லை. தயங்கித் தயங்கி நலம் விசாரித்தோம். நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"அண்ணாச்சி, எனக்குக் காது போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. ஒங்க வாயப் பாத்துத்தான் சரக்கு எடுத்துக்கிட்டு இருந்தேன். அத நீங்க மூடிட்டியளே, நான் என்ன செய்ய?"

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். நமக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டோம். "கடக்காரனுக்குக் காது கேக்காதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, கடன் சொன்னத நான் கேக்கலன்னு சாதிப்பானுவ" என்றார். அதுவும் நியாயம்தானே? வியாபாரி தன் குறையை வெளியில் சொல்லமாட்டான். நாமும் சொல்லமாட்டோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பத்து ஆண்டுகளாக அவர் நம் கடையில் ஒரே இடத்தில்தான் நிற்பார். வெளிச்சம் நம் முகத்தில் விழும் இடம் அது. கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். விலையைச் சீட்டில் எழுதித் தரச் சொல்வார். எல்லாக் குறிப்பும் கண் முன்னால்தான் இருந்தது. உள்ளங்கை அரிசியைப் பார்த்து மனதைச் சொல்லிவிடுவோம் என்று பெருமை பேசிய நமக்கு 26 வருட வாடிக்கையாளரின் காது தெரியவில்லை. அவர் கடைக்கு இன்றும் வேறிடத்திலிருந்துதான் சரக்கு போகிறது. அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

ஆராய்ச்சியாளர் சொல்வது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 25 பேருக்கு மேல் காது கேட்பதில் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குறை உள்ளது. நம் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அந்த வயதுக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம்மையும் சேர்த்துத்தான்.

பேச்சில் வார்த்தைக்கு 7 பங்கு, குரலுக்கு 38 பங்கு, முகத்துக்கு 55 பங்கு மதிப்பு என்று மேடைகளில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கப் பேராசிரியர் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. ஆனால் அவர் ஆராய்ந்தது ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற உணர்ச்சி மட்டுமே. வார்த்தை ஒன்று சொல்ல, முகமும் குரலும் வேறொன்று சொல்லும் நேரத்துக்கு உரியது அது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே விளக்கியிருக்கிறார். உளுந்து கிலோ எத்தனை ரூபாய் என்பதை முகத்தில் 55 பங்கு எழுத முடியுமா? விலைக்கு வார்த்தைதான் வேண்டும், எழுத்து வேண்டும்.

பொய் சொல்பவரை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லாத வியாபாரி கிடையாது. 2006-ல் பாண்ட், டிபாலோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உலகில் அதுவரை நடந்த 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் 100-க்கு சராசரியாக 54 முறைதான் சரியாகச் சொல்கிறார்கள். காசு சுண்டிப் போட்டாலே 50 முறை சரியாக வரும். நம் சாமர்த்தியம் அதற்கு மேல் 4 முறை. அந்த நாலை நம்பியா 26 வருட வாடிக்கையைத் தள்ளி நிற்கச் சொல்வது?

நடைமுறைக்குச் சில

குறிப்பறிவது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் குறிப்பு சொல்லும். அது இன்னது என்று சொல்லாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடையில் இப்போது கடைப்பிடிப்பவை இவை:

1. வழக்கத்துக்கு மாறாக ஒருவர் நடந்தால் உடனே முடிவு கட்டுவதில்லை. தனியே அழைத்து, "என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கியோ?" என்று கேட்கிறோம். பாதிப் பேர் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதவரை வற்புறுத்துவதில்லை.

2. தலையாட்டலை ஆர்டராக எடுத்துக்கொள்வதில்லை. சரக்கு, மூட்டை எண்ணிக்கை, விலை மூன்றையும் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்து, அவர் பார்த்த பிறகே எடை போடுகிறோம். விலைப் பலகையும் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறோம்.

3. பேசும்போது பேரேட்டையோ செல்போனையோ பார்த்துப் பேசுவதில்லை. முகத்தை நேரே காட்டிப் பேசுகிறோம். காது மந்தமானவருக்கு நம் வாய் தெரிய வேண்டும்.

4. நாம் உயரத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் கீழே நிற்கும் பழைய கல்லா மேடையைத் தாழ்த்திவிட்டோம். எதிரில் ஒரு நாற்காலி போட்டாயிற்று.

5. பற்றுக் கணக்கை நாலு பேர் முன்னால் வாசிப்பதில்லை.

6. கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். வாடிக்கையாளர் அவர்கள் முகத்தையும் படிக்கிறார். அழுக்குச் சட்டையோடு வந்தவரைப் பையன் ஒரு பார்வை பார்த்தால், முதலாளியின் ஆயிரம் வணக்கமும் வீண்.

நம் சங்கத்துப் பெரியவர்கள் பலர் இதை விட நன்றாகவே அறிந்திருப்பார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். முகத்தைப் பாருங்கள், கையைப் பாருங்கள். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்காமல் போனதற்கு நாம் கொடுத்த விலை 26 வருடச் சிநேகம்.

வாழ்க வணிகம்! வளர்க வணிகர் ஒற்றுமை!